கெவுடா

பேருவளை சீனன்கோட்டையில் மாணிக்கக்கல் சந்தை கூடும் இடத்துக்கும் நான் பிறந்த வீட்டுக்கும் பத்து நிமிட நடைதான். அந்தச் சந்தைக்குள் இன்றுவரை நான் கால் வைத்ததில்லை. போகக்கூடாது என்று யாரும் எனக்குச் சொன்னதுமில்லை. சொல்லவேண்டிய தேவை இருக்கவில்லை. கைக்குள் கல்லை வைத்துக்கொண்டு, நின்றும் நடந்தும் விலை பேசுகின்ற ஆண்களின் கூட்டத்தைத் தூரத்தில் பஸ்ஸிலிருந்து பார்த்திருக்கிறேன். அவ்வளவுதான்.

ஆனால் கல்லை எனக்குத் தெரியும். வாப்பா இரத்தினபுரிப் பக்கமிருந்து கொண்டுவரும் பொட்டலங்களைச் சுபஹுக்குப் பிறகு வெள்ளைத் தாளில் கொட்டி, கிழக்கு ஜன்னலோரம் வைத்து உம்மாவும் நானும்தான் பிரிப்போம். பெரிசு சிறிசு, நிறமுள்ளது நிறமில்லாதது, வெடிப்புள்ளது வெடிப்பில்லாதது. கல்லை விரல்களுக்கிடையில் பிடித்து வெளிச்சத்துக்கு நேரே மெதுவாகத் திருப்பச் சொல்லித் தந்தவர் உம்மா. அந்நேரம் நானா பக்கத்து அறையில் போர்வைக்குள் இருப்பார். அவருக்குப் பதின்மூன்று வயதானபோது வாப்பா அவரைச் சந்தைக்குக் கூட்டிப்போனார். நான் தாளை மடித்து உம்மாவிடம் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன்.

பொட்டலத்தில் ஒரு வகைக் கல்லுக்கு மட்டும் அந்தக் காலத்தில் மதிப்பே கிடையாது. பால் கலந்த தண்ணீர்போல், உள்ளே புகை படர்ந்ததுபோல் மங்கலாக இருக்கும். கெவுடா என்போம். நீலமும் புஷ்பராகமும் எந்தக் குருந்தக் குடும்பமோ அதே குடும்பம்தான் இதுவும், நிறம் கூடாத பிள்ளை. எங்கள் வீட்டில் குரோட்டன் பூச்சாடிகளுக்குள் போட்டிருந்தோம். 1970களில் தாய்லாந்து வியாபாரிகள் வந்து இந்தக் கெவுடாவைக் கிலோக் கணக்கில் கேட்கத் தொடங்கினார்கள். என்னத்துக்கு என்று அவர்கள் சொல்லவில்லை. நம்மவர்களும் கேட்கவில்லை. கேட்டால் எங்கே வேண்டாமென்று போய்விடுவார்களோ என்ற பயம். 1979இல், எனக்கு எட்டு வயது, வாப்பா பூச்சாடிக் கற்களையும் கழுவிச் சேர்த்து ஒரு கிலோவுக்கு மேல் விற்றார். அந்தக் காசில் ஒரு பழைய ஹொண்டா மோட்டார் சைக்கிள் வாங்கினார். வீட்டில் அன்று பெருநாள்.

விஷயம் பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது. கெவுடாவைக் கொண்டுபோய் 1600 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கினால், உள்ளே மூட்டமாக இருக்கும் மிக நுண்ணிய ஊசிகள் கரைந்துபோகும். அவற்றிலுள்ள தைட்டேனியம் கல்லிலுள்ள இரும்போடு சேர்ந்து நீலம் எடுக்கும். எங்கள் பூச்சாடிக் கல் பாங்கொக்கில் நீலக்கல்லாகி, அங்கிருந்து உலகத்துக்கெல்லாம் போயிருக்கிறது. தாய்லாந்துக்காரன் எங்களை நன்றாக ஏமாற்றினான் என்பது எங்கள் ஊரில் இன்றும் நிலைத்த பேச்சு. கல்யாண வீட்டில் நான்கு கல் வியாபாரிகள் ஒரு சஹனைச் சுற்றி உட்கார்ந்தால், சோறு முடிவதற்குள் அந்தப் பேச்சு வந்துவிடும்.

வாப்பாவுக்கு அது பேச்சாக இருக்கவில்லை, முள்ளாக இருந்தது. தானியக் குவியலுக்குள் கையை விட்டு, ஈரத்தைக் கீழே மறைத்து விற்றவனை நபியவர்கள் கண்டித்த சம்பவம் மத்ரஸாவில் ஓதிய பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். விற்கிறவன் குறையை மறைக்கக்கூடாது, சரி. வாங்குகிறவன் நிறையை மறைத்தால்? இதை அவர் ஒரு ஹஸ்ரத்திடம் கேட்டிருக்கிறார். இரண்டு பக்கமும் பொருந்திச் செய்த வியாபாரம், அன்றைய சந்தை விலை, ஆகவே அது செல்லும் என்று பதில் வந்தது. "செல்லும் எண்டது சரி," என்று உம்மாவிடம் சொன்னாராம், "ஆனா அவன் தெரிஞ்சிட்டேல்லவா வாங்கினான்." 1998இல் மௌத்தாகும்வரை அவர் ஒரே ஒரு கெவுடாவை விற்காமல் வைத்திருந்தார். பதினொரு காரட்டுக்குக் கொஞ்சம் கூட. டோர்ச் வெளிச்சத்தை உள்ளே விட்டால் டீசல் எண்ணெய் நிறத்தில் தெரியும் ரகம். டீசல் கெவுடா என்று அதற்குத் தனிப் பெயரே உண்டு, அதுதான் சூட்டில் நல்ல நீலம் எடுக்கும் என்பார்கள். எவ்வளவோ பேர் கேட்டும் கொடுக்கவில்லை. பங்கு பிரித்தபோது நானா அதை என்னிடம் தந்துவிட்டார். பெருந்தன்மையா, அதில் வெடிப்பு இருக்கலாம் என்ற கணக்கா என்று நான் ஆராயப் போகவில்லை.

2013 ஜூனில் நான் பாங்கொக் போனது ஊர் பார்க்க அல்ல. எனது கணவரும் கல் வியாபாரிதான். இருபது வருடங்களாகப் போய்வருகிறார். இவருக்குச் சீனி வருத்தம். அதற்கு முந்தைய பயணத்தில் ஹோட்டல் லிப்டுக்குள் மயங்கி விழுந்தார், இடுப்புப் பையில் ஆறு பேருடைய கற்கள் இருக்க. அவ்வளவும் அமானிதமாக வாங்கிப்போனவை, கையெழுத்தோ சாட்சியோ கிடையாது, வாய்ச்சொல் மட்டும்தான். லிப்டில் இருந்த ஒரு பெண் இவரைத் தூக்கி உட்கார வைத்துச் சீனித் தண்ணீர் கொடுத்திருக்கிறாள். பொட்டலங்கள் ஒன்றும் குறையவில்லை. ஆனால் ஊருக்கு வந்து அதைச் சொன்னபோது இவரது கை நடுங்கியது. அடுத்த தடவை தனியாகப் போகவேண்டாமென்று டொக்டர் சொன்னார். பிள்ளைகளை உம்மாவிடம் விட்டேன்.

புறப்படுவதற்கு முன் கற்களை அதிகாரசபையில் காட்டி முத்திரை வைக்க இவர் பட்டியல் எழுதியபோது, வாப்பாவின் கல்லையும் கொண்டுவந்து மேசையில் வைத்தேன்.

"இது என்னத்துக்கு?"

"சும்மாதான். அது போன பாதையப் பாக்கட்டும்."

இவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பட்டியலில் கடைசியாக எழுதிக்கொண்டார்.

பாங்கொக்கில் இவரது நாட்கள் சீலோம் வீதியிலும் அதை ஒட்டிய மஹேசக் வீதியிலும் கழிந்தன. கல் கடைகளும் அலுவலகங்களும் நிறைந்த பகுதி அது. ஐம்பத்தொன்பது மாடிக் கட்டிடம் ஒன்று கல், நகை வியாபாரத்துக்கென்றே அங்கே எழும்பி நிற்கிறது. வியாபாரத்துக்காக வந்து தங்கிவிட்ட காயல்பட்டினத்துக் குடும்பங்களும் இருப்பதால் திடீரென்று தமிழ் காதில் விழும். நாங்கள் தங்கியது சீலோம் இருபதாம் சந்துக்குப் பக்கத்தில். அந்தச் சந்துக்குள் மீராஸுத்தீன் பள்ளிவாசல். பள்ளிக்கு முன்னால் காலையில் ஒரு சந்தை. ஹலால் கோழி, சோறு, கறி, பிட்டு போன்ற ஒரு பலகாரம், எல்லாம் அங்கேயே கிடைத்தது. இவருக்குச் சாப்பாட்டை நேரத்துக்குக் கொடுத்து, மருந்தைக் கொடுத்து, இவர் போனபின் நான் கடைத்தெருக்களுக்குள் இறங்கிவிடுவேன்.

போபே துணிச்சந்தைக்கும் பிரதூனாமுக்கும் போனேன். கொழும்புப் புறக்கோட்டைக் கடைகளில் தொங்கும் பிள்ளைச் சட்டைகளெல்லாம் அங்கே டசின் டசினாகக் கட்டிவைக்கப்பட்டிருந்தன. நம்மூர்ப் பெண்கள் பாங்கொக் போனால் அந்த இரண்டு இடத்தோடு பயணம் முடிந்துவிடும், சூட்கேஸ் மட்டும் இரண்டாகும். எனக்கும் முதல் நாள் அந்த நோய் தொற்றியது, மறைக்கவில்லை. இரண்டாம் நாளிலிருந்து வாங்குவதை விட்டுப் பார்க்கத் தொடங்கினேன். பாக் க்லோங் பூச்சந்தையில் மல்லிகைச் சரம் கட்டுகிறவளும் பெண், மூட்டையை எடை போடுகிறவளும் பெண், காசுப் பையை இடுப்பில் கட்டிக்கொண்டு ஆண்களை ஏவிக்கொண்டிருந்தவளும் பெண். பாஷை தெரியாதது ஒரு குறையாக இருக்கவில்லை. அவள் கல்குலேட்டரில் ஒரு எண்ணை அழுத்தி என் பக்கம் திருப்புவாள், நான் அழித்துவிட்டு வேறு எண்ணை அழுத்தித் திருப்புவேன். சில நேரம் இரண்டு பேரும் சிரித்துவிடுவோம். முந்தைய தலைமுறைக் கல் வியாபாரிகள் துணியால் கையை மூடி, ஒருவர் விரலை ஒருவர் பிடித்து விலை பேசியதை வாப்பா செய்து காட்டியிருக்கிறார். நான்காவது ஆள் அறியாத பேச்சு அது. இந்தக் கல்குலேட்டர் சந்தைக்கே விலையைக் காட்டிவிடுகிறது.

வெள்ளிக்கிழமை காலை எக்கமாய் பஸ் நிலையத்திலிருந்து சந்தபுரிக்குப் புறப்பட்டோம். கிழக்கே சுமார் 250 கிலோமீற்றர், நாலு மணித்தியாலம். சந்திரபுரி என்பதே அந்தப் பெயர். மாகாணத்தின் சின்னத்திலும் சந்திரனுக்குள் ஒரு முயல் இருக்கிறது. பழைய மாணிக்கச் சுரங்க ஊர். சொந்தச் சுரங்கம் வற்றிக்கொண்டு வந்தபோதும் சூடாக்கும் கலையையும் வெட்டும் கலையையும் கையில் வைத்துக்கொண்டு, உலகத்துக் கல்லையெல்லாம் தன் வாசலுக்கு வரவழைத்துவிட்ட ஊர். அங்கே ஒரு தீவிபத்தில் அகப்பட்ட கற்கள் நிறம் மாறியிருக்கக் கண்டுதான் சூடாக்கும் வித்தை பிடிபட்டது என்று ஒரு கதையும் சொல்கிறார்கள்.

நாங்கள் போனது பழக்காலம். துரியான் மலை மலையாகக் குவிந்திருந்தது. துரியானோடு உள்ளே வரவேண்டாமென்று ஹோட்டல் வாசலில் படம் போட்டு வைத்திருந்தார்கள். மங்குஸ்தான் ஒரு கிலோ வாங்கி, களுத்துறை மங்குஸ்தானோடு ஒப்பிட்டுத் தோற்கடிக்கலாமென்று சாப்பிட்டேன். நேர்மையாகச் சொன்னால் தோற்கவில்லை. கோரைப்பாய் விற்ற ஒரு கிழவியிடம் நம்மூர்ப் பாயைப்போல் ஒன்று வாங்கி, அதில்தான் அந்த மூன்று நாளும் ஹோட்டல் அறையில் தொழுதோம்.

சனிக்கிழமை கல் சந்தை. வெள்ளி, சனி, ஞாயிறு தினங்களில் ஸ்ரீசான் வீதியும் அதை ஒட்டிய சந்துகளும் சந்தையாகிவிடுகின்றன. நமது ஊர்ச் சந்தைக்கு நேர்மாறான வழக்கம் அங்கே. வாங்குகிறவன் உட்கார்ந்திருப்பான், விற்கிறவன் தேடி வருவான். வாங்க வந்தவர் நாள் வாடகைக்கு ஒரு மேசை எடுத்து, என்ன கல், என்ன அளவு வேண்டுமென்று ஒரு தாளில் எழுதி முன்னால் வைத்துவிட வேண்டும். அதன் பிறகு மூச்சுவிட முடியாது. தரகர்கள் பிளாஸ்டிக் பைகளை ஒருவர் தோளுக்கு மேலால் ஒருவர் நீட்டிக்கொண்டே இருப்பார்கள். மொஸாம்பிக் சிவப்பு, மடகஸ்கார் நீலம், பர்மாவின் ஸ்பைனல். கல் கொண்டுவந்தவர்களில் கினியாவிலும் மாலியிலும் இருந்து வந்த ஆபிரிக்க முஸ்லிம்கள் அதிகம். ஸலாம் சொன்னதும் முகம் மலர்ந்துவிடும், ஆனால் விலையில் ஒரு பாத் குறையாது.

எனக்குப் பிடித்துப்போனது ஒரு சிறிய வழக்கம். வாங்குகிறவர் ஒரு விலை சொல்லி, தரகர் உரிமையாளரைக் கேட்கப் போகவேண்டியிருந்தால், பொட்டலத்தை மடித்து, ஒட்டும் நாடாவால் சுற்றி, மேலே விலையை எழுதி, வாங்குகிறவர் கையெழுத்தும் போட்டுவிடுவார். அந்த நாடா பிரிக்கப்படாமல்தான் திரும்பி வரவேண்டும். உரிமையாளரின் பதில் கிடைக்கும்வரை அந்தக் கல் வேறு யார் கண்ணிலும் படக்கூடாது. ஒரு துண்டு நாடாதான், பிரித்து மறுபடி ஒட்ட எவ்வளவு நேரம்? ஆனால் பிரிப்பதில்லை.

இவரும் ஒரு மேசை எடுத்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். உட்காரும்போது ஊர்க்காரர் யாராவது இருக்கிறார்களா என்று ஒருமுறை சுற்றிப் பார்த்துக்கொண்டேன், நாற்பத்திரண்டு வயதில். எதிர் மேசையில் ஒரு பெண், அடுத்த மேசையிலும் ஒரு பெண், கண்ணில் லென்ஸ், கையில் கிடுக்கி. முதல் அரை மணித்தியாலம் கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு பொட்டலத்தை இவர் பார்த்துவிட்டுக் கீழே வைக்க, நான் எடுத்தேன். பன்னிரண்டு நீலம். தாளைக் குலுக்கிப் பிரித்தேன். நாலு கல்லை ஒரு பக்கம் ஒதுக்கினேன். ஒன்றில் குறுக்கே வெடிப்பு, இரண்டில் நிறம் அடியில் மட்டும் தங்கியிருந்தது, மற்றதன் வயிறு பெருத்திருந்தது. காரட்டுக்குக் காசு கொடுக்கிறவன் அந்த வயிற்றுக்கும் கொடுக்கவேண்டும். இவர் ஒதுக்கிய நாலையும் ஒவ்வொன்றாக எடுத்து லென்ஸில் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த பொட்டலம் வந்ததும் பிரித்து முதலில் என் பக்கம் தள்ளினார்.

இருபது வருடத்தில் இவர் எனக்குத் தந்த எந்த நகையும் எனக்கு அப்படி இருந்ததில்லை.

பகலில் கூட்டம் தணிந்தபோது, எதிர் மேசைக்காரி எழுந்து வந்தார். எழுபது வயதிருக்கும். சீனச் சாயல், வெள்ளைச் சட்டை, கையில் பச்சைக்கல் வளையல். என் முக்காட்டையும் இவர் முகத்தையும் பார்த்துவிட்டு, "லங்கா?" என்றார். ஆம் என்றதும், "கெவுடா, கெவுடா!" என்று சொல்லி வாய்விட்டுச் சிரித்தார். பிறகு சிங்களத்தில், "கீயத? அடு கரன்ன!" எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

அவரோடு பேத்தி இருந்தாள். சந்தபுரியில் இருக்கும் புரபா பல்கலைக்கழக வளாகத்தில் இரத்தினக்கல் துறையில் படிக்கிற பிள்ளை. கல்லுக்கென்று பல்கலைக்கழகத்தில் ஒரு துறை, அதில் பெண் பிள்ளைகள்! அவளுடைய இங்கிலீசும் என்னுடைய இங்கிலீசும் சேர்ந்து கிழவியின் கதையைக் கொண்டுவந்து சேர்த்தன. 1980இல் புருஷனோடு இரத்தினபுரிக்கு வந்து ஆறு மாதம் வாடகை வீட்டில் இருந்திருக்கிறார். பகலெல்லாம் கெவுடா வாங்குவது, இரவில் எண்ணெய் விளக்கில் பிரிப்பது. பிரித்தவர் அவர்தான். புருஷனுக்கு விலை பேசத்தான் தெரியும், கல் தெரியாது என்றார். அதைத் தாய் பாஷையில் சொன்னபோதே எனக்கு விளங்கிவிட்டது.

நான் கேட்டேன். எங்கள் ஊரில் எல்லோரும் கேட்க நினைத்ததைத்தான் கேட்டேன். எவ்வளவு பெறுமதி என்று தெரிந்துகொண்டுதானே வாங்கினீர்கள்?

பேத்தி அதை மொழிபெயர்த்ததும் கிழவியின் முகத்திலிருந்து சிரிப்பு போனது. கொஞ்ச நேரம் வளையலைச் சுற்றிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: முதல் வருடம் கொண்டுபோன இரண்டு பை கல்லில் பாதிக்கு மேல் அடுப்பிலேயே வெடித்துப்போயிற்று. மிச்சத்தில் பெரும் பங்கு கறுத்துவிட்டது. சூட்டின் அளவும் தெரியாது, எத்தனை மணித்தியாலம் என்றும் தெரியாது. யாரோ ஒருவன் செய்து பணக்காரனாகிவிட்டான் என்பதைத் தவிர வேறொன்றும் தெரியாது. அவன் சொல்லிக் கொடுக்கவும் மாட்டான். மாமனாரின் இறப்பர் தோட்டம் அந்த இரண்டு பையோடு போயிற்று.

"பாட்டி சொல்கிறார், இலங்கைக்காரர்கள் குப்பையை விற்றுத் தங்களை ஏமாற்றிவிட்டார்கள் என்று ஒரு வருடம் முழுக்க உங்களைத் திட்டினார்களாம்."

இவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாப்பாவின் முகம்தான் வந்தது. அவர் மாதிரி இன்னொருத்தி இங்கே உட்கார்ந்து, அதே கல்லை வைத்துக்கொண்டு, கடலுக்கு அந்தப் பக்கம் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். தெரிந்துகொண்டு வாங்கியவர்களும் இருந்திருப்பார்கள், இல்லையென்று நான் சொல்லவரவில்லை. ஹொண்டா மோட்டார் சைக்கிளுக்கு விற்ற அந்த ஒரு கிலோ யாரிடம் போனதென்று யாருக்குத் தெரியும்? ஆனால் வாப்பாவின் கணக்கில் எதிர்ப்பக்கத்தில் இருந்தவன் எப்போதும் எல்லாம் தெரிந்தவன். தோட்டத்தை விற்றவன் அந்தக் கணக்கில் வரவேயில்லை.

கைப்பையைத் திறந்து கல்லை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

கிழவி அதை உடனே எடுக்கவில்லை. முதலில் தாள் மடிப்பைப் பார்த்தார். உம்மா மடித்த மடிப்பு. பிறகு கல்லை எடுத்து டோர்ச்சை அடியில் வைத்துத் திருப்பினார். நாலைந்து நிமிடம் எடுத்தது. டீசல், என்றார், நல்ல டீசல். இப்போது இப்படி வருவதில்லை. அப்படியே விற்பதானால் இவ்வளவு என்று கல்குலேட்டரை அழுத்தித் திருப்பினார். நம்மூர்க் காசில் பல இலட்சம். இவர் என் காலை மேசைக்கடியில் மெதுவாக மிதித்தார்.

சூடாக்கினால் என்ன ஆகும் என்று கேட்டேன்.

கிழவி தோளைக் குலுக்கினார். அந்தத் தோள்குலுக்கலுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. ஒரு பக்கத்தில் இறகுபோல் மெல்லிய ஒரு கோடு இருப்பதை டோர்ச்சில் காட்டினார். அங்கிருந்து வெடிக்கலாம், வெடிக்காமலும் போகலாம். முப்பது வருடத்துக்கு மேலாகச் செய்கிறேன், இன்றைக்கும் அடுப்பைத் திறக்கும்போது கண்ணை மூடிக்கொள்கிறேன் என்றார். நன்றாக வந்தால் கூலி, இல்லாவிட்டால் கூலி வேண்டாம்.

"வாப்பா முப்பது வருஷமா வெச்சிருந்த கல்லு," என்றார் இவர். "வெடிச்சா உம்மாக்கு என்ன சொல்ற?"

அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. இதை எழுதும்போதும் ஒழுங்கான பதில் இல்லை. வாப்பா அறியாததை அறியவேண்டுமென்ற ஆசை என்று வைத்துக்கொள்ளலாம். அல்லது, அன்று காலையில் முதல்தடவையாக ஒரு சந்தை மேசையில் உட்கார்ந்த துணிச்சலில் வந்த அகங்காரம் என்றும் சொல்லலாம். கொடுத்தேன். எங்கள் கண்முன் எடை போட்டார்: 11.42. தாளில் எழுதி, மடித்து, நாடா சுற்றி, அவரும் நானும் கையெழுத்துப் போட்டோம். நான் தமிழில் போட்டேன். சந்தையில் நான் போட்ட முதல் கையெழுத்து, விலை எழுதாத ஒரு பொட்டலத்தின் மேல். ரசீது என்று ஒன்றும் கிடையாது.

பாங்கொக்குக்குத் திரும்பி ஐந்து நாள் இருந்தோம். நான் எந்தச் சந்தைக்கும் போகவில்லை. மீராஸுத்தீன் பள்ளிக்கு முன்னால் சாப்பாடு வாங்கிவந்து அறையிலேயே இருந்தேன். கிழவி கல்லோடு போய்விடுவார் என்ற பயம் எனக்கு இருக்கவில்லை. அந்தப் பயம் இருந்திருந்தால் அதோடு போராடியிருக்கலாம். அடுப்பைப் பற்றிய பயம்தான் இருந்தது, அதில் யாரையும் குறைசொல்ல வழியில்லை. இவர் ஒருநாளும் அதைப்பற்றிக் கதைக்கவில்லை. இஷாவுக்குப் பிறகு துஆ நீண்டுபோவதை மட்டும் கவனித்தேன்.

அடுத்த சனிக்கிழமை கிழவி எங்களுக்கு முன்பே மேசையில் இருந்தார். பொட்டலத்தை வைத்துவிட்டு, திற என்று கையால் காட்டினார். அவரும் பார்த்திருக்கவில்லையோ என்று தோன்றியது, பார்க்காமல் எப்படி? ஆனால் முகம் அப்படி இருந்தது.

நீலம். நடுவிலிருந்து ஒரு பக்கமாக நல்ல ஆழமான நீலம். பேருவளைக் கடலில் பகல் நேரத்தில், கெச்சிமலைப் பள்ளிக்குப் பின்னால் தெரியுமே, அந்த நிறம். மறுபக்கத்தில் அந்த இறகுக் கோடு விரிந்து, கல்லின் மூன்றிலொரு பங்கைப் பிளந்திருந்தது. பிளவின் ஓரம் வெள்ளையாகப் பொரிந்திருந்தது. மூட்டம் எங்குமே இல்லை.

பேத்தி அதைக் கையில் எடுத்து, எங்கே அறுத்தால் எவ்வளவு மிஞ்சும் என்று பென்சிலால் தாளில் வரைந்து காட்டினாள். கிழவி ஒரு விலை சொன்னார். போன வாரம் சொன்னதைவிடக் குறைவு. நான் தலையாட்டிவிட்டுத் தாளை மடித்தேன். கூலி எவ்வளவு என்று இவர் கேட்டதற்கு, வேண்டாம் என்று கையை விரித்தார். கோடு பிளந்துவிட்டதால் வேண்டாமாம். நாங்கள் எழும்போது என் கையைப் பிடித்து, மறுபடியும் "அடு கரன்ன" என்றார், தெரிந்த சிங்களம் அவ்வளவுதான் என்பதால். நான் மங்குஸ்தான் பையை அவர் மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

ஊரில் இவருக்குத் தெரிந்த பட்டை தீட்டுபவர் மூன்று நாள் எடுத்தார். 3.10 காரட்டில் ஒரு கல், ஒரு காரட்டுக்குக் கொஞ்சம் குறைவாக இன்னொன்று. இவர் பொட்டலத்தின் மேல் எடையை எழுதி, அதன் கீழ் 'சூடாக்கியது' என்று எழுதினார். நானா வந்து பார்த்தார். சூடாக்காத கல்லென்றால் பல மடங்கு போகுமே என்று, யாருக்குமில்லாமல் காற்றுக்குச் சொல்வதுபோல் சொன்னார். இவர் பேனையை எடுத்து அந்த எழுத்தின் மேலேயே மறுபடியும் ஒருதடவை எழுதினார்.

உம்மாவுக்கு அப்போது எழுபத்தாறு வயது. ஒரு கண்ணில் கற்றரக்ட் வெட்டியிருந்தது. காலையில், அதே கிழக்கு ஜன்னலோரம், பெரிய கல்லை அவரது உள்ளங்கையில் வைத்தேன். ஒன்றும் சொல்லாமல் வைத்தேன். அவர் விரல்களுக்கிடையில் பிடித்து வெளிச்சத்துக்கு நேரே மெதுவாகத் திருப்பினார்.

"நல்ல நெறம். யார்ட?"

"வாப்பாட கல்லும்மா. அந்தக் கெவுடா."

மறுபடியும் திருப்பினார். இந்தமுறை அதிக நேரம்.

"வாப்பாட கல்லுல மூட்டம் ஈக்கும்," என்றார்.

பிறகு தாளில் வைத்து, அவருடைய மடிப்பில் மடித்து என்னிடம் தந்துவிட்டு, தேத்தண்ணி குடித்தாயா என்று கேட்டார்.